மத்தியதரைக் கடலில் நண்பர்களோடு ஏழு இரவுகள்: கப்பலுக்கு முன்னால் துறைமுகங்களைப் பாருங்கள்

நாற்பதை நெருங்கும் நண்பர்கள் ஆறு பேர் சென்னையிலிருந்து கிளம்பி, வரும் செப்டம்பரில் மேற்கு மத்தியதரைக் கடலில் ஏழு இரவுக் கப்பல் சுற்றுலா போக விரும்புகிறீர்கள். இருவர் சைவம், மூவர் மது அருந்தாதவர்கள், ஒருவருக்குப் பேருந்தில் ஏறினாலே குமட்டும். எந்தக் கப்பலில் பதிவு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். செப்டம்பர் நல்ல தேர்வு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் கடும் வெயிலும் ஐரோப்பியப் பள்ளி விடுமுறைக் கூட்டமும் தணிந்திருக்கும். கடல்நீர் மட்டும் கோடை முழுவதும் வாங்கிய சூட்டை விடாமல் வைத்திருக்கும். கப்பலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஒரே கடலில் ஒரே விலையில் சுற்றும் பெரிய கப்பல்கள் சாப்பாட்டிலும் நீச்சல் குளத்திலும் மேடை நிகழ்ச்சியிலும் ஒன்றுக்கொன்று அவ்வளவாக வேறுபடுவதில்லை. அந்தக் கப்பல் எந்தெந்தத் துறைமுகத்தில், ஊருக்கு எவ்வளவு அருகில், எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தே உங்கள் வாரம் அமையும். அதனால் பயணத் திட்டத்தாளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியின் வழக்கமான சுற்று பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, ரோம், நேப்பிள்ஸ் அல்லது பலெர்மோ, மால்டாவின் வலெட்டா, சில வாரங்களில் மயோர்க்கா தீவின் பால்மா என்று போகும். தாளில் ‘ரோம்’ என்று அச்சிட்டிருந்தாலும் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா என்ற ஊரில். பேரரசர் டிராஜன் காலத்தில் அமைக்கப்பட்ட பழைய துறைமுகம் அது. ரோம் நகரம் அங்கிருந்து 70 முதல் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காஞ்சிபுரத்தில் இறக்கிவிட்டு, ‘சென்னை வந்துவிட்டது’ என்று சொல்வது போன்ற கணக்கு. அதேபோல் ‘ஃபுளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோ அல்லது லா ஸ்பெட்சியா என்றும், ‘புரொவான்ஸ்’ என்றால் மார்செய் அல்லது தூலோன் என்றும் படிக்க வேண்டும். மார்செய்யிலேயேகூடக் கப்பல் முனையத்திலிருந்து ஊரின் உயிர்நாடியான பழைய துறைமுகத்துக்குப் பல கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டியிருக்கும். இதற்கு நேர்மாறாக ஜெனோவா, நேப்பிள்ஸ், பலெர்மோ, வலெட்டா ஆகிய நான்கிலும் கப்பலின் படிக்கட்டை விட்டு இறங்கினால் நடக்கும் தொலைவில் ஊர் தொடங்கிவிடுகிறது.

நிறுத்த நேரத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை என்று போட்டிருந்தால் ஒன்பது மணி நேரம் உங்களுடையது என்று தோன்றும். கப்பல் கட்டப்பட்டு, அனுமதி கிடைத்து, ஆயிரக்கணக்கானவர்களோடு வரிசையில் நின்று வெளியே வர அரை மணி நேரத்துக்கு மேலாகும். புறப்படுவதற்கு அரை மணி அல்லது ஒரு மணி முன்பே எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும். எஞ்சிய நேரத்தில் ரோமுக்குப் போய்வரும் மூன்று மணி நேரத்தையும் கழித்தால் கையில் நிற்பது நான்கு, நான்கரை மணி நேரம். அந்த நான்கு மணியில் வத்திக்கானையும் கொலோசியத்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம்; பேருந்துக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள். இரண்டில் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். வத்திக்கான் என்றால் சிவிட்டாவெக்கியா நிலையத்திலிருந்து ரோம் செல்லும் ரயிலில் கடைசிவரை போகாமல் சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கினால் புனித பேதுரு பேராலயத்துக்கு நடந்தே போகலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமைகளில், மாதக் கடைசி ஞாயிறு நீங்கலாக, மூடியிருக்கும். உங்கள் கப்பல் அங்கே ஞாயிறன்று நிற்கிறதா என்று இப்போதே நாட்காட்டியைப் பாருங்கள்.

நேப்பிள்ஸ் வருகிற சுற்றையே தேர்ந்தெடுங்கள் என்பேன். கப்பல் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே காஸ்தெல் நுவோவோ கோட்டை கறுத்த கோபுரங்களோடு எழுந்து நிற்கும். அதைத் தாண்டினால் மெட்ரோ நிலையம். ஆறு பேருக்கும் ஆறு விதமான ஆசை இருந்தாலும் இந்த ஒரு துறைமுகம் ஈடுகொடுக்கும். பழைமையில் நாட்டமுள்ளவர்கள் கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலையால் புதையுண்ட பொம்பேயிக்குப் போகலாம்: மெட்ரோவில் கரிபால்டி நிலையம், அங்கிருந்து சிர்க்கும்வெசுவியானா என்ற புறநகர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் பொம்பேயி. 2024 நவம்பர் முதல் அங்கே ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதிப்பதில்லை. நுழைவுச் சீட்டிலும் பெயர் இருக்க வேண்டும் என்பதால் முன்பதிவு செய்துகொண்டு, அடையாளத்துக்குக் கடவுச்சீட்டின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே மூன்று மணி நேரம் போதும், நிழல் குறைவு. பெரிய வீடுகளைவிடத் தெருக்களில் நேரம் செலவிடுவது நல்லது என்பது என் கருத்து. கல் பாவிய சாலையில் வண்டிச் சக்கரங்கள் அறுத்த தடங்கள் ஆழமாக இருக்கும். தெருவில் கழிவுநீர் ஓடும்போது கால் நனையாமல் கடப்பதற்காகக் குறுக்கே உயரமான கற்களைப் பதித்து, அவற்றுக்கு நடுவே சக்கரம் போக இடைவெளியும் விட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக் கடைகளின் கல் மேடைகளில் பானை பதித்த வட்டத் துளைகள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

பொம்பேயி வேண்டாம் என்பவர்கள் ஊருக்குள்ளேயே பழைய தெருக்களில் அலைந்து, பீட்சா சாப்பிட்டுத் திரும்பலாம். நேப்பிள்ஸ் பீட்சா செய்யும் கலையை 2017-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தக்காளி, பூண்டு, ஓரிகனோ இலை, எண்ணெய் மட்டுமே சேரும் மரினாரா என்ற வகையில் பாலாடைக்கட்டிகூட இல்லாததால் உங்கள் சைவ நண்பர்கள் தயங்காமல் கேட்கலாம். காப்ரி தீவுக்கு அதே துறையிலிருந்து விரைவுப் படகுகள் போகின்றன. ஆனால் காற்று வலுத்தால் அவற்றை நிறுத்திவிடுவார்கள், நீங்கள் தீவில் நிற்பீர்கள், கப்பல் போய்விடும். காப்ரி வேண்டுமென்றால் கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போங்கள். அதில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது. இந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான் அவர்கள் கேட்கும் கூடுதல் விலை. எனவே ரோம், ஃபுளோரன்ஸ், காப்ரி போன்ற தொலைவான இடங்களுக்கு அதைக் கொடுக்கலாம். வலெட்டாவிலோ ஜெனோவாவிலோ கொடுப்பது வீண்.

வலெட்டாவில் கப்பல் நுழையும் காலையில் ஆறு பேரும் மேல்தளத்தில் இருக்க வேண்டும், இரவு எத்தனை மணிக்குப் படுத்திருந்தாலும் சரி. பெருந்துறை என்று அழைக்கப்படும் அந்த ஆழமான குடாவின் இரு பக்கமும் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் கோட்டைகள் நீரிலிருந்தே எழும்பி நிற்க, அவற்றுக்கு இடையே கப்பல் மெதுவாகத் திரும்பும். 1565-இல் ஒட்டோமான் முற்றுகையைத் தாக்குப்பிடித்த புனித யோவான் வீரத்துறவியர், அடுத்த ஆண்டே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய நகரம் இது. இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் 58 மீட்டர் உயர மின்தூக்கி உங்களை மேல் பராக்கா பூங்காவில் கொண்டுபோய் விடும். நண்பகலிலும் மாலை நான்கு மணிக்கும் அங்கே பீரங்கி வெடிப்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் கப்பலே கீழே பொம்மை போல நிற்பதைப் பார்க்கலாம். புனித யோவான் இணைப் பேராலயத்தில் இத்தாலிய ஓவியர் காரவாஜியோ 1608-இல் தீட்டிய மிகப்பெரிய ஓவியம் இருக்கிறது. அவர் தன் பெயரைப் பொறித்த ஒரே ஓவியம் அது, அதுவும் வெட்டுண்ட புனித யோவானின் இரத்தம் வழியும் இடத்தில். ஊர் சிறியது, ஆங்கிலம் ஆட்சிமொழிகளுள் ஒன்று, வண்டிகள் நம்மூர் போல இடப்பக்கம் ஓடும். வழிகாட்டி இல்லாமலேயே சுற்றலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெனோவாவில் பழைய நகரின் ஒடுங்கிய சந்துகளும் சுடச்சுட ஃபொகாச்சியா ரொட்டியும் போதும். மார்செய்யில் நோத்ர்-தாம் தெ லா கார்த் குன்றுக்கு ஏறினால் கடலும் ஊரும் ஒருசேரத் தெரியும். வேறெதற்கும் நேரம் இருக்காது. பலெர்மோவில் பல்லாரோ சந்தையை விடாதீர்கள். கடலில் குளிப்பதுதான் முக்கியம் என்றால் பால்மா வரும் சுற்றைப் பாருங்கள்; ரோம், நேப்பிள்ஸ் நிறுத்தங்களில் கடற்கரையை நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

பார்சிலோனாவில் ஏறுவதானால் ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது. எம்எஸ்சி, கோஸ்டா நிறுவனங்களின் கப்பல்களில் சுற்றின் பல துறைமுகங்களிலும் ஏறி, வாரம் முடிந்து அதே இடத்தில் இறங்கிக்கொள்ளலாம்; ஆகவே ரோமுக்கு விமானக் கட்டணம் மலிவாக இருந்தால் சிவிட்டாவெக்கியாவிலேயே ஏறுங்கள். அப்போது அந்த ஊருக்கான நாளை நீங்கள் கப்பலின் கடிகாரம் பார்க்காமல் முந்தைய நாளே செலவிட்டிருப்பீர்கள். இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் கப்பல் பயணிகளை வாய் நிறைய வரவேற்பதில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். வெனிஸ் 2021 ஆகஸ்டு முதல் பெரிய கப்பல்களை நகரின் நடுவே செல்லும் ஜூதேக்கா கால்வாயில் அனுமதிப்பதில்லை. பார்சிலோனா தன் கப்பல் முனையங்களை ஏழிலிருந்து ஐந்தாகக் குறைக்க 2025-இல் முடிவு செய்தது. காலையில் கூட்டமாக இறங்கி, மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பி, ஊருக்குக் குப்பையை மட்டும் விட்டுப்போகிறார்கள் என்ற அவர்களது மனக்குறையில் நியாயம் இருக்கிறது. மதிய உணவை ஊரிலேயே சாப்பிடுங்கள்.

கிரேக்கத் தீவுகள் இன்னும் அழகல்லவா என்று நண்பர்களில் ஒருவர் கட்டாயம் கேட்பார். அழகுதான். ஆனால் சாந்தோரினியில் பெரிய கப்பல் கரை சேர முடியாது. நடுநீரில் நிறுத்திச் சிறு படகில் இறக்குவார்கள், பிறகு செங்குத்தான பாறைமேல் ஏற கேபிள் கார் வரிசை, திரும்பும்போது அதே வரிசை. போதாததற்கு 2025 ஜூலை முதல் சாந்தோரினி, மிக்கோனோஸ் தீவுகளில் கோடை உச்சத்தில் கப்பல் பயணி ஒவ்வொருவருக்கும் 20 யூரோ வரி. முதல் கப்பல் பயணத்துக்கு மேற்குச் சுற்றே மேல் என்று நினைக்கிறேன்.

விசாவிலும் மேற்குச் சுற்று எளிது. ஸ்பெயின், பிரான்சு, இத்தாலி, மால்டா நான்கும் ஷெங்கன் நாடுகள் என்பதால் ஒரே விசா போதும். இடையில் துனிசியா, துருக்கி, மொண்டெனேக்ரோ போன்றவை வந்தால் ஷெங்கனை விட்டு வெளியேறி மீண்டும் நுழைகிறீர்கள். பலமுறை நுழையும் விசா வாங்க வேண்டும், அந்தந்த நாட்டு விதியையும் தனியே பார்க்க வேண்டும். அதிக நாள் செலவிடும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்; நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ; குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் தேவை. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால் செப்டம்பர் பயணத்துக்கு ஏப்ரலிலேயே சந்திப்பு நேரம் தேடத் தொடங்குங்கள். கோடைக்கு முன்னால் இடம் கிடைப்பது திண்டாட்டம். ஆறு பேரும் ஒரே நாட்டிடம், ஒரே பயணத் திட்டத்தைக் காட்டி விண்ணப்பியுங்கள்.

இனி நண்பர்கள் குழு என்பதால் வரும் சிக்கல்கள். கேபின் விலை இருவர் தங்குவதாக வைத்தே சொல்லப்படுகிறது. ஒருவர் தனியாகத் தங்கினால் ஏறத்தாழ இருவர் கட்டணம். உங்களுக்கு மூன்று இரட்டைக் கேபின்கள் சரியாக வரும். யாரோடு யார் என்பதை நட்பின் நெருக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பல நிறுவனங்களில் மது பானத் தொகுப்பை ஒருவர் வாங்கினால் அதே கேபினில் இருக்கும் மற்ற பெரியவரும் வாங்கியாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. குடிக்காத மூவரைக் குடிப்பவர்களோடு கலந்து போட்டால், பழச்சாறு மட்டும் குடிக்கப்போகிற ஆளும் வாரம் முழுவதற்கும் பணம் கட்டுவார். மூன்று பேர் குடிப்பவர், மூன்று பேர் குடிக்காதவர் என்னும்போது ஒரு கேபினில் கலப்புத் தவிர்க்க முடியாது. அந்தக் கேபினில் இருக்கும் குடிப்பவர் தொகுப்பு வாங்காமல், குடித்ததற்கு மட்டும் பணம் கொடுக்கட்டும். அடுத்த அளவுகோல் குறட்டை.

பதிவு எண்கள் மூன்றையும் ஒன்றோடொன்று இணைக்கும்படி ஏஜென்டிடம் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் இரவு உணவுக்கு ஆளுக்கொரு மூலையில், சில வேளை வெவ்வேறு நேரத்தில் உட்கார வைப்பார்கள். கப்பலுக்குள் பணம் புழங்காது. அறைச் சாவி அட்டையைக் காட்டினால் கணக்கில் ஏறும். ஒரே கடன் அட்டையில் ஆறு பேர் கணக்கையும் சேர்க்காமல் கேபினுக்கு ஒன்றாக வையுங்கள். பணியாளர்களுக்கான சேவைக் கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு இரவு ஒன்றுக்குப் பத்து யூரோவுக்கு மேல் தானாகவே சேர்ந்துகொள்ளும்; விளம்பர விலையில் அது இருக்கிறதா என்று பதிவின்போதே கேளுங்கள். இந்தியாவில் தொகுப்பாகப் பதிவு செய்தால் முன்கூட்டியே பிடிக்கப்படும் டிசிஎஸ் வரியையும் கணக்கில் வையுங்கள். வருமான வரித் தாக்கலில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஊரில் சேர்ந்து போவது, எந்த ஊரில் பிரிந்து போவது என்பதை வீட்டிலேயே பேசி முடியுங்கள். ஆறு பேரும் ஆறு ஊரிலும் சேர்ந்தே அலைய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் நான்காம் நாள் முகம் திரிந்துவிடும். இரவுச் சாப்பாட்டில் சந்தித்து அவரவர் கதையைச் சொல்வதற்குக் கப்பலைப் போல வசதியான இடம் வேறில்லை.

குமட்டல் உள்ள நண்பருக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களுள் ஒன்றில் கேபின் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. உயரத்தில் பால்கனியோடு முன்பக்கம் இருக்கும் கேபின் விலையும் அதிகம், ஆட்டமும் அதிகம். பார்சிலோனாவுக்கும் மார்செய்க்கும் இடையிலுள்ள லியோன் வளைகுடாவில் மிஸ்த்ரால் என்ற வடகாற்று வீசினால் பெரிய கப்பலும் அசையும். மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை இங்கேயே வாங்கி, குமட்டல் தொடங்கும் முன் போட்டுக்கொள்ள வேண்டும். விலைகுறைந்த ‘கேரண்டி’ கேபின்களில் இடத்தை நிறுவனம்தான் ஒதுக்கும். அவருக்கு மட்டும் அதை எடுக்காதீர்கள்.

சைவ உணவுக்குப் பதிவின்போதே குறிப்பு எழுதச் சொல்லுங்கள். ஏறிய முதல் இரவே உணவக மேற்பார்வையாளரிடம் நேரிலும் சொல்லுங்கள். முந்தைய இரவு கேட்டுவிட்டால் மறுநாள் பருப்பும் காய்கறியுமாகத் தனியே செய்து தருவது பல கப்பல்களில் வழக்கம். பணியாளர்களில் நம் நாட்டவர் நிறைய இருப்பதும் உதவும். பொடியும் ஊறுகாயும் கொண்டுபோகலாம். இறைச்சி, பால் பொருட்களை வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துவர அனுமதி இல்லை. மின்சாரக் கெட்டில், சிறிய ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி ஆகியவை கப்பல் ஏறும்போதே பறிக்கப்பட்டு, இறங்கும் நாளில்தான் கைக்கு வரும்.

ஏறியவுடன் நடக்கும் பாதுகாப்பு ஒத்திகையை ஏனோதானோவென்று கடக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கொன்கோர்டியா கப்பல் இதே சிவிட்டாவெக்கியாவிலிருந்து கிளம்பிய சில மணி நேரத்தில் ஜீல்யோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை அந்தத் துறைமுகத்தில் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு அதுவரை ஒத்திகையே நடத்தப்படவில்லை. அதன் பிறகே, புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை முடிந்திருக்க வேண்டும் என்று உலக அளவில் விதி மாறியது. உங்கள் கூடுமிடம் எது என்பதைக் கைபேசியில் பார்ப்பதோடு நிற்காமல் ஒருமுறை நடந்துபோய்ப் பாருங்கள்.

கைபேசியைக் கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பு தானாகப் பிடித்து, சாதாரண ரோமிங் தொகுப்பில் அடங்காத கட்டணம் ஏறும். ஒவ்வொரு ஊரிலும் இறங்கும் முன் அன்றைய நிகழ்ச்சித் தாளில் இருக்கும் துறைமுக முகவரின் எண்ணைப் படம் எடுத்துவையுங்கள். கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வழிசொல்பவர் அவர்தான். கப்பலின் நேரமும் ஊரின் நேரமும் ஒன்றா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரவு பெரிய பெட்டிகளைக் கேபினுக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். காலையில் முனையத்தில்தான் திரும்பக் கிடைக்கும். மறுநாள் போடும் உடை, மருந்து, கடவுச்சீட்டு, சார்ஜர் ஆகியவற்றைக் கைப்பையில் எடுத்துவையுங்கள். சிவிட்டாவெக்கியாவில் இறங்குவதானால் ஊர் திரும்பும் விமானத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் எடுங்கள். பார்சிலோனாவில் விமான நிலையம் பக்கம் என்பதால் நண்பகல் விமானமும் ஒத்துவரும்.